பெரிய பெட்டிக்கு வேர்த்தபோது

சகாயராஜ் அந்த வெட்டிவேர்த் தட்டியை நல்ல எண்ணத்தில்தான் கட்டினான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப் போக அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல இடம் கிடைக்குமா என்று தெரியவில்லை.

மே மாதம் ஆறாம் தேதி. திண்டுக்கல் நாகல் நகரில் வெயில் கதவைத் தட்டாமலே கடைகளுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. லூர்து யூனிஃபார்ம்ஸின் பின்னறையில், ஜன்னலுக்குக் கீழே, கடையில் எல்லோரும் ‘பெரிய பெட்டி’ என்று சொல்லும் கம்ப்யூட்டர் இருந்தது. ஐந்து பள்ளிக்கூடங்கள், இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு பிள்ளைகள். அத்தனை பேரின் தோள், மார்பு, இடுப்பு, உயரம் எல்லாம் அதற்குள்தான். ஏப்ரலில் பள்ளி மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி எடுத்த அளவுகள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அத்தனை பேரும் புதுச் சீருடையில் நிற்க வேண்டும்.

சகாயராஜ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. கொதித்தது. அவன் படித்தது பி.ஏ. வரலாறு. ஏழு வருடங்களுக்கு முன் பிரிண்டரில் மாட்டிக்கொண்ட காகிதத்தைக் கிழியாமல் உருவியதால் அன்று மாலையே அவனுக்குக் ‘கம்ப்யூட்டர்காரன்’ என்ற பதவி கிடைத்தது. பதவிக்குரிய பொறுப்போடு யோசித்தான். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டினான். ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றினான். வெளிப்பக்கம் பெரிய ஃபேனை நிறுத்தி, தட்டி வழியாகக் குளிர்காற்று பெட்டிமேல் வீசும்படி திருப்பிவிட்டான். அறையே மணத்தது. தன் அறிவை நினைத்துத் தனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்ததால் டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது ஃபேன் தட்டியிலிருந்த தண்ணீரை எல்லாம் சாமி ஊர்வலத்தில் பன்னீர் தெளிப்பதுபோல் பெட்டிமேல் தெளித்து முடித்திருந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒரு கீற்றுப் புகை. அவ்வளவுதான்.

எதற்கும் இருக்கட்டும் என்று அளவுகளை எல்லாம் நகலெடுத்த சின்ன டிஸ்க் ஒன்று உண்டு. அதை அவன் பத்திரமாக வைத்திருந்தான், பெரிய பெட்டியின் தலைமேலேயே. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் தேட வேண்டாம் அல்லவா? அதுவும் குளித்திருந்தது. பிள்ளைகளை நிறுத்தி எழுதிய தாள்களையோ, ‘இனி எதுக்கு’ என்று போன வாரம்தான் எடைக்குப் போட்டிருந்தான். இந்நேரம் அவை வறுகடலைப் பொட்டலங்களாகப் பேருந்து நிலையத்திலிருந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும்.

அவன் செய்த அடுத்த காரியம் தட்டியை அவிழ்த்து மாடிக்குக் கொண்டுபோய் ஒளித்தது. அதற்கடுத்த காரியம் முதலாளி லூர்தம்மாளிடம் போய் நின்றது.

“அக்கா, வோல்டேஜ் ஏறி எறங்கிருச்சு. பெட்டி போயிருச்சு.”

லூர்தம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒற்றை மெஷினில் தொடங்கி இன்று இருபத்திரண்டு மெஷின். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார். பின்னறைக்குப் போனார். கொஞ்ச நேரம் மூச்சை இழுத்தபடி நின்றார். வருத்தத்தில் நிற்கிறார் என்று சகாயராஜ் நினைத்தான்.

“அம்புட்டும் போச்சா?”

“அம்புட்டும்.”

மெக்கானிக் வந்து பார்த்து, சென்னைக்கு அனுப்பலாம், ஒரு மாதம் ஆகும், அப்போதும் அளவுகள் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்றார். ஒரு மாதம் ஆனால் பள்ளியே திறந்துவிடும். ஐந்து பள்ளிகளும் அடுத்த வருடம் வேறு ஊர் வியாபாரியைத் தேடிப் போகும். இருபத்திரண்டு மெஷின்களுக்கும் துணி போர்த்திவிட வேண்டியதுதான்.

“அக்கா,” என்றான் சகாயராஜ். “நான் வேலையில இருக்கேனா, இல்லையா?”

“கட்டிங் மாஸ்டரக் கூப்பிடு,” என்றார் லூர்தம்மாள்.

*

இனி எந்தப் பெட்டியை நம்புவது என்று முடிவு செய்ய லூர்தம்மாள் இரண்டு நாள் கெடு வைத்துக்கொண்டார். முதல் நாள் மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். இதைப்போல் இரண்டு மடங்கு பெரிய பெட்டியின் படத்தைக் காட்டினார். ஏ.சி. போட்ட தனி அறை ஒன்று கட்டிவிடுங்கள் என்றார்.

“அது கெட்டுப் போனா?”

“இது கெடவே கெடாது மேடம்.”

“இதை வித்தவனும் அதைத்தான் சொன்னான். போயிட்டு வாங்க.”

மறுநாள் காலை சென்னையிலிருந்து ஒருவர் வீடியோவில் தோன்றினார். இந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். “உங்க தொழிலையே கிளவுடுக்கு மாத்திடலாம்” என்று தொடங்கி, அம்புக்குறிகள் போட்ட படங்களாகக் காட்டிக்கொண்டே போனார். லூர்தம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நாளைக்கு உங்களைப் பிடிக்கலைன்னா, எங்க புள்ளைங்க அளவை எல்லாம் அப்படியே எங்க கையில குடுத்துருவீங்களா?”

“எங்களை விட்டு இதுவரைக்கும் யாரும் போனதே இல்லை மேடம்.”

“நான் கேட்டது அது இல்லையே தம்பி.”

அவர் அடுத்த படத்துக்குப் போனார். லூர்தம்மாள் சாப்பிடப் போனார்.

மூன்றாவதாக ஸ்கூட்டியில் வந்தவள் வினோலியா. காந்திகிராமத்தில் படித்தவள்; இந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் மில்களுக்கும் இதே வேலையைச் செய்து கொடுக்கிறாள். அவள் படம் எதுவும் கொண்டு வரவில்லை.

“நீங்க எப்படி அளவெடுக்கிறீங்கன்னு மொதல்ல பாக்கணும்மா,” என்றாள்.

அளவெடுப்பதில் சிவனம்மாளை மிஞ்ச ஆளில்லை. கழுத்தில் பாம்புபோல் டேப்பைப் போட்டிருந்தவள், மாதிரிக்கு, பக்கத்தில் நின்ற சகாயராஜைப் பிடித்து இழுத்தாள்.

“இடுப்பு நாப்பது.”

“முப்பத்தெட்டுக்கா!”

“மூச்ச விடு அப்பு, செத்துக்கித்துப் போயிராத. நாப்பதரை.”

வினோலியா எல்லாவற்றையும் கவனித்தாள். கட்டிங் மாஸ்டர் அந்தோணிமுத்து தன் சட்டத்தைச் சொன்னார்: வளர்கிற பிள்ளைகள், அதனால் எடுத்த அளவுக்குமேல் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டித்தான் வெட்டுவார். முப்பது வருடமாக அதுதான். அதையும் குறித்துக்கொண்டாள்.

“வேற ஊர்ல பெரிய பெரிய கட்டடத்துல ஆயிரக்கணக்குல பெட்டி வச்சிருக்காங்க. அதுல நமக்கு வேணுங்கிற அளவு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கிறோம். அதான் கிளவுடு. உங்களுக்கு மே, ஜூன்லதான வேல? அப்பக் கூடுதலா எடுத்துக்கலாம். ஜூலையில கொறச்சிக்கலாம்.”

லூர்தம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மே மாசத்துக்கு மட்டும் பன்னண்டு தையக்காரங்களைச் சேத்துக்கிறோமே, அந்த மாதிரியா?”

“அதே மாதிரிதான். ரெண்டு மாச வேலைக்காக வருசம் பூராவும் பெட்டியக் கட்டிக்கிட்டு அழ வேணாம். பிடிக்கலைன்னா உங்க அளவு அம்புட்டையும் ஒரே கோப்பா இறக்கிட்டுப் போயிரலாம். அதை ஒப்பந்தத்துல மொத வரியா எழுதித் தாரேன். புள்ளைங்க பேரு, வகுப்பு, அளவு, இம்புட்டுதான் வேணும். போட்டோ, ஆதார் எதுவும் வாங்காதீங்க.”

அந்தோணிமுத்துவுக்கு மனம் ஒப்பவில்லை. “அந்தக் கட்டடத்த நாம போய்ப் பாக்கலாமா பாப்பா?”

“பாக்க முடியாது மாஸ்டர்.”

“கண்ணால பாக்காத பொருள எப்படி நம்புறது?”

“கண்ணு முன்னாடி இருந்த பொருள்தான மாஸ்டர் போச்சு,” என்றார் லூர்தம்மாள். சொல்லும்போது அவர் பார்வை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு துண்டுச் சணல்கயிற்றின்மேல் இருந்தது. சகாயராஜ் அதை அவிழ்க்க மறந்திருந்தான்.

அவனுக்கும் ஒரு கேள்வி இருந்தது. மற்ற இருவரிடமும் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருந்தான். ஒருவர் ‘நூறு சதவீதம் பாதுகாப்பு’ என்றார், இன்னொருவர் ‘உலகத் தரம்’ என்றார். வினோலியாவிடமும் கேட்டான்.

“யாராச்சும் தெரியாத்தனமா... அதாவது, நல்ல எண்ணத்துல... அழிச்சிட்டா?”

“அங்கயும் அழிஞ்சிரும்ணே.”

வினோலியா விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

“தண்ணி, தீ, எலி, இடி, இதுலருந்தெல்லாம் காப்பாத்தும். ஒரு ஊர் கட்டடம் போனாலும் இன்னொரு ஊர்ல நகல் இருக்கும். ஆனா உள்ள இருக்கிற ஆள்கிட்டருந்து அதுவா காப்பாத்தாது. அதுக்குத் தனி ஏற்பாடு பண்ணணும். தினமும் ஒரு நகல், முப்பது நாளைக்கு யாரும் கை வைக்க முடியாதபடி. அழிக்கிற உரிமை யாராச்சும் ஒருத்தர்கிட்ட மட்டும். அப்புறம், யார் எந்த அளவ ஏத்துனாங்கன்னு பேரோட நிக்கும்.”

“பேரோடயா?” என்றான் சகாயராஜ்.

“நேரத்தோட.”

லூர்தம்மாள் மேசையைத் தட்டினார். “இந்தப் புள்ளதான். எப்ப ஆரம்பிக்கிற?”

“இப்பவே,” என்றாள் வினோலியா.

*

பெட்டியின் பிரச்சினை தீர்ந்தது. பிள்ளைகளின் பிரச்சினை அப்படியே இருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை, பிள்ளைகள் எந்தத் தோப்பில், எந்தக் கிணற்றில் கிடக்கிறார்களோ! ஆனால் சிவனம்மாளுக்குத் தெரிந்திருந்தது. கன்னிவாடிப் பக்கம் விடிந்தால் தாய்மார்கள் பூ எடை போட வருவார்கள், பிள்ளைகளும் கூடவே வரும். ஒரு ஊரில் ரேஷன் கடை வாசல். இன்னொரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கோயில் வளாகம். பள்ளிகளின் வாட்ஸப் குழுக்களில் செய்தி போயிற்று: ‘பிள்ளையை இன்ன இடத்துக்குக் கூட்டி வாங்க.’ ஆறு பெண்கள், ஆறு போன், ஆறு டேப்; வெள்ளிக்கிழமை காலை ஆளுக்கொரு பேருந்தில் கிளம்பினார்கள்.

“சிக்னல் இல்லாத ஊருல?” என்று கேட்டாள் சிவனம்மாள், பேருந்துப் படியில் ஒரு கால் வைத்தபடி.

“போன்லயே நிக்கும்க்கா, சிக்னல் வந்ததும் தானாப் போயிரும்,” என்றாள் வினோலியா.

நாகல் நகரில் வெட்டுமேசைக்கு எதிரே ஒரு திரையை மாட்டியிருந்தார்கள். ஏழு மணிக்கு அதில் முதல் வரி விழுந்தது: நான்காம் வகுப்பு, ஒரு பெண்பிள்ளை, உயரம், தோள், இடுப்பு. சகாயராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பூக்கூடைகளுக்கு நடுவே ஒரு பிள்ளை கையைத் தூக்கி நிற்கிறது. அந்தக் கை இறங்குவதற்குள் அதன் அளவு இங்கே வந்துவிட்டது! பதினான்கு. முப்பத்தொன்று. ஐம்பத்தெட்டு.

பார்க்காத பொருளை நம்பாத அந்தோணிமுத்து மெதுவாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒன்பது மணிக்குக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பத்து மணிக்கு அவர் குரல் தெருவுக்குக் கேட்டது.

“கன்னிவாடி நூறு அடிச்சிருச்சுய்யா! ரேஷன் கடை எழுபதுலயே நிக்குது. யாரு அங்க, லிடியாவா? ஆடச் சொல்லு, அடிச்சு ஆடச் சொல்லு!”

மதியத்துக்கு மேல் சிவனம்மாளின் எண்ணிக்கை நின்றது. மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குள் போயிருந்தாள். ஐந்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். சகாயராஜ் சோற்றில் கை வைக்கவில்லை. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை ஈ பார்த்துக்கொண்டது. வினோலியாகூட நகத்தைக் கடித்தாள். அப்புறம் பேருந்து எங்கோ ஒரு வளைவில் திரும்பியிருக்க வேண்டும். திரையில் ஒரே நொடியில் அறுபத்திரண்டு பிள்ளைகள் வந்து கொட்டினார்கள். தையல் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கை தட்டினார்கள். லூர்தம்மாள் யாரும் பார்க்காதபோது சிலுவை போட்டுக்கொண்டார்.

முன்னெல்லாம் அத்தனை தாளும் வந்து சேர்ந்து, சகாயராஜ் இரண்டு விரலால் தட்டி ஏற்றி முடித்து, பிறகுதான் கத்தரி எடுப்பார்கள். இப்போது மூன்றாம் வகுப்பு முடிந்ததுமே அந்தோணிமுத்து இங்கே வெட்டத் தொடங்கினார். சின்னாளபட்டியில் வாடகைக்குப் பிடித்த கொட்டகையில் இன்னொரு மாஸ்டர் அதே திரையைப் பார்த்து எட்டாம் வகுப்பை வெட்டினார். யாரும் யாருக்கும் போன் போட்டு ‘அந்தப் புள்ள இடுப்பு என்ன’ என்று கத்தவில்லை.

“அக்கா,” என்றான் சகாயராஜ், இந்த மகிழ்ச்சியில் கேட்டால் விடை கிடைக்கும் என்று நம்பி. “அப்ப நான் வேலையில இருக்கேனா?”

“ஆறாங்கிளாஸ் வந்திருச்சா பாரு,” என்றார் லூர்தம்மாள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆள் குறைந்தது. லிடியாவுக்குக் காய்ச்சல். கோயில் வளாகத்துக்கு நானே போகிறேன் என்று சகாயராஜ் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். பதவிக்குரிய பொறுப்பு.

பூசை முடிந்ததும் தாய்மார்கள் அவனைச் சூழ்ந்தார்கள். ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் பிள்ளை.

“அண்ணே, அடுத்த வருசத்துக்கும் வரணும்ணே.”

“இவ கிடுகிடுன்னு வளருறா, பாத்துப் போடுங்க.”

“போன வருசச் சட்டை பொங்கலுக்கே பத்தல. உங்க புள்ளையா நெனச்சுக்கங்க.”

அவனுக்குப் பிள்ளையும் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஆனாலும் அப்படி நினைத்துக்கொண்டான். இளகிய மனம். ஒவ்வொரு பிள்ளைக்கும் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டான். நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகள். சர்பத் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். தேர்தலில் ஜெயித்தவனைப்போல் திரும்பி வந்தான்.

செவ்வாய்க்கிழமை ஒன்றாம் வகுப்பு உடுப்புகள் தைத்து வந்தன. நாகல் நகரிலேயே இருந்த ஒரு தாய் தன் மகளைக் கூட்டிவந்து போட்டுப் பார்த்தாள். பினஃபோர் கவுன் முழங்காலைத் தாண்டி வெகுதூரம் இறங்கியிருந்தது. பிள்ளை பலிபீடத்துக்குப் போகிற சாமியார்போல் நின்றது.

“அண்ணே,” என்றாள் அந்தத் தாய், சகாயராஜைப் பார்த்து. “வளரும்னுதான சொன்னேன். டீச்சராகுற வரைக்கும் இதையே போடணும்னா சொன்னேன்?”

அந்தோணிமுத்து முப்பது வருடத்தில் முதல்முறையாகத் தன் கத்தரியையே சந்தேகத்தோடு பார்த்தார். எல்லா அளவும் இப்படித்தானா? இரண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளும் அங்கியில்தான் வரப்போகிறார்களா? வெட்டியதெல்லாம் வீணா? பள்ளி திறக்க இன்னும் பன்னிரண்டு நாள்.

வினோலியா போனில் இருந்தாள். “பதறாதீங்க. ஒவ்வொரு வகுப்புலயும் உயரத்தை வரிசைப்படுத்துறேன். அளவெடுத்தவங்க பேரு வலது பக்கம் வரும், பாருங்க.”

திரை மாறியது. சிவனம்மாள், சரி. லிடியா, சரி. வரிசையின் உச்சியில் ஒரே பெயர், நூற்று நாற்பத்து மூன்று முறை: சகாயராஜ். சகாயராஜ். சகாயராஜ்.

“அண்ணே, நீங்களும் ரெண்டு அங்குலம் கூட்டுனீங்களா? மாஸ்டர் கூட்டுற ரெண்டு அங்குலத்தை நான் உள்ளயே போட்டு வச்சிருக்கேனே.”

தாள் காலமாக இருந்தால் இரண்டாயிரம் பேரையும் மறுபடி நிறுத்தியிருக்க வேண்டும். யார் கை எழுதியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். இப்போது வினோலியா அந்த ஒரு பெயரை மட்டும் தனியே பிரித்தாள். உயரத்தில் இரண்டு அங்குலம் கழித்தாள். நாகல் நகர்த் திரையிலும் சின்னாளபட்டித் திரையிலும் நூற்று நாற்பத்து மூன்று வரிகள் ஒன்றாகக் கண் சிமிட்டிச் சரியாயின. அதற்குள் வெட்டியிருந்தது பத்தொன்பது உருப்படிதான். கீழே மடித்துத் தைத்தால் போதும். அந்தோணிமுத்து அம்பயர்போல் தலையை ஆட்டி, “நாட் அவுட்!” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சகாயராஜ் சிரிக்கவில்லை. இரண்டு வாரமாக நெஞ்சுக்குள் ஈரமாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தன் பெயர் இப்படி ஊரறிய வரிசைகட்டி நின்றபின், மறைப்பதற்கு இனி என்ன மிச்சம் என்று தோன்றியது.

லூர்தம்மாளின் மேசைக்குப் போனான்.

“அக்கா, வோல்டேஜ் இல்ல. நான்தான். தட்டி கட்டி, தண்ணி ஊத்தி, பின்னாடி ஃபேனையும் வச்சேன். பெட்டி சூடா இருந்துச்சு, பாவமா இருந்துச்சு.”

லூர்தம்மாள் பொத்தான் டப்பாவை மூடினார்.

“ஏலே சகாயம். அன்னைக்கு நான் உள்ள வந்தப்ப அறை பூராவும் வெட்டிவேர் மணந்துச்சு. வோல்டேஜ் என்னைக்குலே வாசம் அடிச்சிருக்கு?”

“அப்பவே தெரியுமா?”

“சணல்கயிறு இன்னும் ஜன்னல்லதான் தொங்குது. மாடியில துணி காயப்போடப் போனா தட்டி என்னயப் பாத்து முழிக்குது. நீயா எப்ப வந்து சொல்லுவேன்னுதான் இருந்தேன்.”

தையல் கூடத்தில் இருபத்திரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தோணிமுத்து யாருக்கோ ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தார். சகாயராஜ் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

“இப்பவாச்சும் சொல்லுங்கக்கா. நான் வேலையில இருக்கேனா, இல்லையா?”

லூர்தம்மாள் டேப்பை எடுத்து மறுபடி அவன் கழுத்தில் போட்டார்.

“இருக்க, லே. இந்த வருசமும் இருக்க, அடுத்த வருசமும் இருக்க. அந்த அழிக்கிற உரிமைய மட்டும் சிவனம்மாளுக்குக் குடுத்துட்டேன். நீ உன் கல்யாணப் பத்திரிகையோட வந்து கேட்டாலும் அது உனக்குக் கெடையாது.”